இடம் இருக்கத்தக்க அவர் ஏன் போனார்?



கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடிந்து ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள். நடுவில் இரசாயனவியல் வரும், பயந்து ஓட வேண்டாம். நான் செய்த ஒரு பிழையைச் சொல்ல வந்தேன். அந்தப் பிழையே ஓர் இரசாயனவியல் கேள்வியில்தான் நடந்தது.

10 வருடத்துக்கு முந்திய கதை. கல்வியியற் கல்லூரியால் வெளியாகி முதல் நியமனம். ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகும் பாடசாலை. புதுச் சாரி, புது ஹேண்ட்பேக், கையில் பாடக்குறிப்பு. என்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு வேறு.

தரம் 10, இடைவேளைக்குப் பிறகு வரும் பாடவேளை. கரும்பலகையில் இலத்திரன் நிலையமைப்பு எழுதிக்கொண்டிருந்தேன். முதலாம் சக்தி மட்டத்தில் ஆகக்கூடியது 2 இலத்திரன், இரண்டாவதில் 8, மூன்றாவதில் 18, நான்காவதில் 32. அதற்குக் கீழே உதாரணங்கள். சோடியம் 2, 8, 1. ஆகன் 2, 8, 8. பொற்றாசியம் 2, 8, 8, 1.

யன்னல் பக்கம் மூன்றாவது வாங்கிலிருந்து ஒரு பிள்ளை கை உயர்த்தினா. அவ்வளவாகக் கதைக்காத பிள்ளை.

"டீச்சர், மூணாவதுல 18 பேர் இரிக்கலாமெண்டு நீங்கதான் மேல எழுதீரிக்கீங்க. பொற்றாசியத்துல 8 பேர்தானே இரிக்காங்க? இன்னும் 10 பேருக்கு இடம் இருக்கத்தக்க, 19ஆவது ஆள் ஏன் நாலாவதுக்குப் போறார்?"

வெண்கட்டி கையில் அப்படியே நின்றேன்.

எனக்கு விடை தெரியாது. இதை நான் உயர்தரத்தில் படித்தவள். டியூஷன் வகுப்பில் நான்கு சொட்டெண்களையும் மூச்சு விடாமல் பாடமாக்கியவள்: முதன்மைச் சொட்டெண், கோண உந்தச் சொட்டெண், காந்தச் சொட்டெண், சுழற்சிச் சொட்டெண். பரீட்சையில் எழுதிப் புள்ளியும் எடுத்தேன். ஆனால் அந்த நான்கு பெயரும் இந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்ல வந்தவை என்பது அன்றைக்கு எனக்கு விளங்கியிருக்கவில்லை.

"தெரியாது" என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது:

"அதெல்லாம் ஏஎல்லுக்கு வாற விஷயம். ஓஎல்லுக்கு இது காணும். சும்மா கேள்வி கேட்டு மத்தப் புள்ளைகள்ர நேரத்தையும் வீணாக்காம எழுதுங்க."

வகுப்பு சிரித்தது. அவ உட்கார்ந்தா. அதற்குப் பிறகு அந்தப் பாடசாலையில் நான் இருந்த காலம் முழுக்க அந்தப் பிள்ளை என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "நல்ல அமைதியான பிள்ளை" என்று வரவுப் புத்தகத்தைப் பார்த்து வகுப்பாசிரியரிடம் நானே சொல்லியிருக்கிறேன்.

போன வருடம், நோன்புக்குக் கொஞ்சம் முந்தி, என் சின்ன மகனுக்கு நிறை பார்க்கக் கிளினிக்குக்குப் போயிருந்தேன். பக்கத்துக் கதிரையில் ஒரு பிள்ளைத்தாய், மடியில் குழந்தை. "டீச்சர், என்னத் தெரியுதா?" என்று கேட்டா. யன்னல் பக்கம் மூன்றாவது வாங்கு.

சுகம் விசாரித்தோம். பிறகு நான் வழமையான கேள்வியைக் கேட்டேன். "ஏஎல் என்ன செஞ்சீங்க மகள்?"

"ஆர்ட்ஸ் டீச்சர்."

"ஏன்? சயன்ஸ் உங்களுக்கு நல்லா வருமே. ஓஎல்ல பி எடுத்த ஞாபகம் எனக்கு."

அவ சிரித்தா. கோபம் ஒன்றும் இல்லாத சிரிப்பு. "அதெல்லாம் நமக்குச் சரிவராது டீச்சர். எனக்குப் பொற்றாசியத்திலயே விளங்கிட்டு."

இலக்கம் கூப்பிட்டார்கள். அவ எழும்பிப் போயிட்டா. நான் கிளினிக் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

கலைப் பிரிவு குறைந்தது என்று நான் சொல்ல வரவில்லை. விருப்பப்பட்டு அதைப் படித்து நல்லா வந்த ஆட்கள் எங்கள் ஊரில் நிறைய. அந்தப் பிள்ளை விருப்பப்பட்டுப் போகவில்லை என்பதுதான் என் கவலை. எனக்குத் தெரியாததை, தனக்கு விளங்காதது என்று அவ எடுத்துக்கொண்டுவிட்டா. என் அறியாமையின் பாரத்தை ஒரு 15 வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றிவிட்டு, 10 வருடமாக நான் நிம்மதியாகப் படிப்பித்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

நோன்பு லீவு தொடங்கியது. பழைய உயர்தரக் குறிப்புக் கொப்பிகளை எடுத்தேன். புத்தகங்கள் வாங்கினேன், இரவலும் எடுத்தேன். இந்த முறை பாடமாக்கவில்லை. அந்தப் பிள்ளையின் கேள்வியை முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு, அதற்கு விடை வரும்வரை வாசித்தேன். விளங்கியதை இங்கே சொல்கிறேன். விஞ்ஞானம் படிக்காதவர்களும் கொஞ்சம் கூடவே வாருங்கள்.

முதலில் அந்தச் சொல். சொட்டெண். எத்தனை வருடம் சொன்னேன், ஒரு நாளும் அந்தச் சொல்லைக் காது கொடுத்துக் கேட்கவில்லை. சொட்டு என்றால் சொட்டுத்தான். சரியாகப் பூட்டாத பைப்பிலிருந்து தண்ணீர் ஒழுகும்போது ஒரு சொட்டு விழும், அடுத்து இன்னொரு சொட்டு விழும். அரைச் சொட்டு விழுவதில்லை. அணுவுக்குள் இலத்திரனின் சக்தியும் அப்படித்தான். நினைத்த அளவெல்லாம் இருக்க முடியாது. இந்த அளவு, அடுத்தது அந்த அளவு, இடையில் ஒன்றும் இல்லை. 1913இல் நீல்ஸ் போர் ஐதரசன் அணுவுக்கு இப்படி ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். எத்தனையாவது படியில் இலத்திரன் நிற்கிறது என்பதைச் சொல்லும் இலக்கம்தான் முதன்மைச் சொட்டெண்.

ஒரு இலக்கம் போதவில்லை. ஏன் போதவில்லை என்பதற்கு நான் இப்போது வகுப்பில் சொல்லும் உதாரணம் எங்கள் விலாசம். அம்பாறை மாவட்டம் என்று மட்டும் எழுதினால் கடிதம் வந்து சேராது. பிரதேச செயலகப் பிரிவு வேண்டும், கிராம சேவகர் பிரிவு வேண்டும், வீட்டிலக்கம் வேண்டும். இலத்திரனுக்கும் நான்கு பகுதி கொண்ட விலாசம்.

முதலாவது, எந்தச் சக்தி மட்டம்.

இரண்டாவது, அந்த மட்டத்துக்குள் எந்த வகை. இந்த வகைகளுக்கு எஸ், பி, டி, எஃப் என்று பெயர். எஸ் உருண்டை வடிவம், பி நடுவில் ஒடுங்கிய இரட்டைக் குமிழ் போல, டி இன்னும் சிக்கலானது. ஒவ்வொரு மட்டத்திலும் அதன் இலக்கம் எவ்வளவோ அத்தனை வகைதான் இருக்கலாம். முதலாவதில் எஸ் மட்டும். இரண்டாவதில் எஸ், பி. மூன்றாவதில் எஸ், பி, டி. நான்காவதில் எஃப்பும் சேரும்.

மூன்றாவது, அந்த வகை எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது. உருண்டைக்குத் திசை இல்லை, ஆகவே எஸ் ஒன்றே ஒன்று. பி மூன்று. டி ஐந்து. எஃப் ஏழு. இப்படி ஒவ்வொன்றையும் ஒபிற்றல் என்கிறோம்.

நான்காவது, சுழற்சி. இதற்கு இரண்டே இரண்டு விடைதான் உண்டு. மேலே, அல்லது கீழே என்று வைத்துக்கொள்வோம்.

இனி ஒரு சட்டம். ஓர் அணுவுக்குள் எந்த இரண்டு இலத்திரனுக்கும் நான்கு இலக்கமும் ஒன்றாக இருக்க முடியாது. இதுதான் பௌலியின் தவிர்ப்புத் தத்துவம், 1925. நான்காவது இலக்கத்துக்கு இரண்டு விடை மட்டும் என்பதால் ஓர் ஒபிற்றலில் இரண்டு பேர்தான் இருக்கலாம்.

இப்போது நீங்களே கூட்டிப் பாருங்கள். முதலாம் மட்டம்: 1 ஒபிற்றல், 2 இலத்திரன். இரண்டாம் மட்டம்: 1 உம் 3 உம் 4, இரண்டால் பெருக்க 8. மூன்றாம் மட்டம்: 1, 3, 5 கூட்டினால் 9, இரண்டால் பெருக்க 18. நான்காம் மட்டம்: 16, பெருக்க 32.

2, 8, 18, 32. நான் கரும்பலகையில் கட்டளை மாதிரி எழுதிப் போட்ட அதே இலக்கங்கள். அவை வானத்திலிருந்து விழவில்லை. ஒரு பிள்ளை கொப்பியின் ஓரத்தில் கூட்டிப் பெறக்கூடிய கணக்கு. இது கையில் வந்த அந்த இரவு எனக்குச் சந்தோஷத்தில் நித்திரை வரவில்லை. 12 வருடம் பிந்தி வந்த சந்தோஷம்.

சரி, 19ஆவது ஆளுக்கு வருவோம். மூன்றாம் மட்டத்தின் 18 இடமும் ஒரே தரமான இடங்கள் இல்லை. எஸ்ஸில் 2, பியில் 6, ஆக 8. இந்த 8 உம் ஆகனோடு நிரம்பிவிட்டது. மிச்சம் உள்ள 10 இடமும் டி வகை. பொற்றாசியத்தின் 19ஆவது இலத்திரன் வந்து நிற்கும்போது அதற்கு முன்னால் இரண்டு வழி: மூன்றாம் மட்டத்து டி, அல்லது நான்காம் மட்டத்து எஸ். பெயரைப் பார்த்தால் மூன்று கீழே, நான்கு மேலே. ஆனால் எஸ் உருண்டை கருவுக்கு மிகக் கிட்டவும் பரவி இருக்கிறது. உள்ளே இருக்கும் 18 இலத்திரன்களும் கருவின் இழுவையைத் திரை போல மறைக்கின்றன. எஸ் இலத்திரன் அந்தத் திரைக்கு உள்ளேயும் கொஞ்சம் போய்வருவதால் கருவின் இழுவை அதற்குக் கூடக் கிடைக்கிறது. டி அப்படி உள்ளே போவது குறைவு. ஆகவே பொற்றாசியத்தில் நான்காம் மட்டத்து எஸ்தான் சக்தி குறைந்த இடம். தண்ணீர் பள்ளத்துக்குப் போவது போல இலத்திரன் அங்கே போகிறது.

இடம் இருந்தது. ஆனால் அதைவிடத் தாழ்வான இடம் ஒன்று வெளியே இருந்தது. அவ்வளவுதான் விடை. தரம் 10 பிள்ளைக்கு இரண்டு நிமிடத்தில் சொல்லக்கூடிய விடை.

விலாசம் என்று சொன்னதை ஒரேயடியாக நம்பிவிடவும் வேண்டாம். வீட்டில் ஆள் இருப்பது போல இலத்திரன் ஓரிடத்தில் குந்திக்கொண்டு இருப்பதில்லை. எங்கே இருக்கும் என்பதற்கு ஒரு நிகழ்தகவுதான் சொல்லலாம். ஒபிற்றலின் வடிவம் என்று நாம் கீறுவது அந்த நிகழ்தகவின் வடிவம். உதாரணம் என்பது கைத்தடி. நடக்க உதவும், கால் ஆகாது.

நோன்பு கடைசிப் பத்தில் ஒரு நாள், அஸருக்குப் பிறகு, குசினியில் கஞ்சி அடுப்பில். நான் பக்கத்தில் புத்தகத்தோடு. எந்த இடத்தில் நின்றேன் என்றால், அந்த நான்காவது இலக்கம் எதற்கு என்ற இடத்தில். மட்டம், வகை, திசை மூன்றும் சரி. இரண்டால் பெருக்குவது எங்கிருந்து வந்தது?

கஞ்சி பொங்கி வழிந்தது. நீலமாக எரிந்த கேஸ் நெருப்பு சட்டென்று மஞ்சளானது.

உம்மா ஓடி வந்தா. "அடுப்பப் பாக்கச் சொன்னா என்னத்தப் பாத்துக்கு இரிக்காய்? கேஸ் பழுதோ, நெருப்பு மஞ்சளா எரியிது?"

"கேஸ் பழுதில்ல உம்மா. கஞ்சியில உப்பு இரிக்கில்லயா, அதுல உள்ள சோடியம்."

"நெருப்பக் கொறச்சிட்டுப் படிப்பச் சொல்லு."

குறைத்துவிட்டுச் சொல்கிறேன். சோடியத்துக்கு 11 இலத்திரன், 2, 8, 1. அந்தக் கடைசி ஒன்று மூன்றாம் மட்டத்து எஸ்ஸில் இருக்கிறது. நெருப்பின் சூட்டில் அது மூன்றாம் மட்டத்து பிக்கு ஏறுகிறது. திரும்பி இறங்கும்போது ஏறிய சக்தியை ஒளியாக விடுகிறது. அந்த ஒளிதான் மஞ்சள். ஒரே இறக்கம், ஆகவே ஒரே நிறக்கோடு வர வேண்டும். ஆனால் அந்த மஞ்சளை நல்ல நிறமாலை காட்டியால் பிரித்துப் பார்த்தால் கோடு இரண்டு. ஒன்று 589.0 நனோமீற்றர், மற்றது 589.6. மயிரிழை வித்தியாசம். ஆனால் இரண்டு.

எங்கள் குசினியில் உம்மாவுக்குப் பயம் காட்டிய அந்த மஞ்சள்தான் 100 வருடத்துக்கு முந்தி ஐரோப்பாவின் பெரிய பெரிய பௌதிகவியலாளர்களின் நித்திரையைக் கெடுத்தது. சோடியம் போன்ற உலோகங்களின் கோடுகள் ஏன் இரட்டை இரட்டையாக வருகின்றன? மூன்று இலக்கத்தால் அதை விளக்க முடியவில்லை. வொல்ஃப்காங் பௌலி, அப்போது 24 வயது, நான்காவதாக ஓர் இலக்கம் வேண்டும், அதற்கு இரண்டு பெறுமானம் மட்டும் இருக்க வேண்டும் என்று சொன்னார். அது இலத்திரனின் எந்தக் குணம் என்று மட்டும் அவராலும் சொல்ல முடியவில்லை.

இனி வருவதுதான் நான் எல்லா ஆசிரியர்களுக்கும் சொல்ல நினைப்பது.

1925 ஜனவரி. ரால்ஃப் குரோனிக் என்று 20 வயது இளைஞர், ஜேர்மனியில் டுயூபிங்கன் நகரத்துக்குப் படிக்க வந்திருந்தார். பௌலியின் அந்த யோசனையைக் கேள்விப்பட்டவுடன் அவருக்கு ஒன்று தோன்றியது. இலத்திரன் தன்னைத்தானே சுற்றுவதாக வைத்தால் என்ன? இந்தப் பக்கம் சுற்றலாம், அல்லது அந்தப் பக்கம். இரண்டே விடை. கணக்கும் போட்டுப் பார்த்தார். ஓரளவு சரிவந்தது, ஓரிடத்தில் இரண்டு மடங்கு பிழைத்தது. மறுநாள் பௌலியே அந்த ஊருக்கு வந்தார். குரோனிக் தன் யோசனையை அவரிடம் சொன்னார். கெட்டித்தனமான யோசனைதான், ஆனால் இயற்கைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்ற மாதிரி பௌலி தட்டிவிட்டார். பிறகு கொப்பன்ஹேகனிலும் குரோனிக்குக்கு ஊக்கம் கிடைக்கவில்லை. அவர் அதை வெளியிடாமல் வைத்துவிட்டார்.

அதே வருடம், சில மாதம் கழித்து, நெதர்லாந்தில் லைடன் நகரம். ஊலன்பெக், கௌட்ஸ்மித் என்று இரண்டு இளைஞர்கள். 24 வயது ஒருவர், 23 வயது மற்றவர். குரோனிக்கின் கதை அவர்களுக்குத் தெரியாது. அதே யோசனை அவர்களுக்கும் வந்தது. தங்கள் ஆசிரியர் போல் எரன்ஃபெஸ்ற்றிடம் போனார்கள். அவருக்கும் அது சரியா பிழையா என்று தெரியாது. அவர் சிரிக்கவில்லை. சுருக்கமாக ஒரு குறிப்பு எழுதித் தாருங்கள், பெரியவர் லொரென்ற்ஸிடமும் கேட்டுப் பாருங்கள் என்றார்.

லொரென்ற்ஸ் கணக்குப் போட்டுப் பார்த்தார். இலத்திரன் ஒரு சின்னப் பந்து போல உண்மையிலேயே சுற்றுவதானால், அதன் மேற்பரப்பு ஒளியை விட வேகமாக ஓட வேண்டி வரும் என்று காட்டினார். அது நடக்காத காரியம். பையன்கள் இருவரும் பயந்துபோய் எரன்ஃபெஸ்ற்றிடம் ஓடினார்கள். அந்தக் குறிப்பை அனுப்ப வேண்டாம் என்று சொல்லத்தான் ஓடினார்கள். அவர் எப்போதோ அனுப்பிவிட்டார். நீங்கள் இளம் ஆட்கள், ஒரு முட்டாள்தனம் செய்தாலும் தாங்கும் என்ற கருத்துப்பட ஆறுதல் சொன்னார்.

அது முட்டாள்தனம் இல்லை. அந்த இரண்டு மடங்குப் பிழை 1926இல் தோமஸ் என்பவரின் கணக்கோடு தீர்ந்தது. பௌலியும் ஏற்றுக்கொண்டார். உலகப் பாடப்புத்தகங்களில் எல்லாம் சுழற்சிச் சொட்டெண் என்றால் ஊலன்பெக், கௌட்ஸ்மித் பெயர்தான் முதலில் வரும். குரோனிக் பின்னாளில் டெல்ஃப்ட் நகரில் பேராசிரியராக வந்தார், நல்ல பணி செய்தார். ஆனால் அந்த ஒன்று கைவிட்டுப் போனது போனதுதான்.

பௌலி சாதாரண ஆள் இல்லை. 1945இல் நோபல் பரிசு எடுத்தவர். எரன்ஃபெஸ்ற்றுக்கு அந்த விஷயத்தில் பௌலியை விடக் கூடத் தெரியும் என்றும் சொல்ல முடியாது. இரண்டு பேருக்கும் அன்றைக்கு விடை தெரியாது. ஒருவர் தட்டிவிட்டார், மற்றவர் எழுதித் தாருங்கள் என்றார். எல்லா வித்தியாசமும் அதில்தான்.

வாசித்து முடித்தபோது எனக்கு யன்னல் பக்கம் மூன்றாவது வாங்குதான் ஞாபகம் வந்தது. பௌலிக்காவது ஒரு காரணம் இருந்தது. எனக்கு இருந்தது வெட்கம் மட்டும்.

இந்த வருடம் திரும்பவும் தரம் 10. 2, 8, 18, 32 எழுதவில்லை. விலாசக் கதையைச் சொல்லி, பிள்ளைகளையே கூட்ட விட்டேன். கல்முனையிலிருந்து கொழும்புக்குப் போகும் இரவு பஸ் கதையும் சொன்னேன். ஏறுகிற ஆட்கள் முதலில் வெறும் சீற்றாகப் பார்த்து ஆளுக்கு ஒன்றாக யன்னல் பக்கம் இருப்பார்கள். எல்லாச் சீற்றிலும் ஒருவர் இருந்த பிறகுதான் அடுத்து ஏறுபவர் பக்கத்தில் போய் இருப்பார். பி வகையின் மூன்று ஒபிற்றலிலும் இலத்திரன் அப்படித்தான் நிரம்பும், அதற்கு ஹுண்டின் விதி என்று பெயர். உயர்தரப் பாடம்தான். பிள்ளைகள் சிரித்துச் சிரித்துக் கேட்டார்கள்.

அப்போது ஒரு மகன் எழும்பினார். "டீச்சர், சுழற்சி எண்டு சொல்றீங்க. எலத்திரன் மெய்யாவே பம்பரம் மாதிரிச் சுத்துதா?"

10 வருடத்துக்கு முந்திய அதே மௌனம். அதே வெண்கட்டி. எனக்கு அந்த நேரத்தில் சரியாகச் சொல்ல வரவில்லை.

"எனக்கு நிச்சயமாச் சொல்லத் தெரியல்ல மகன். நல்ல கேள்வி. போர்ட் மூலையில எழுதி வைங்க, நாளைக்குப் பாத்துட்டு வந்து சொல்றன்."

ஒன்றும் இடிந்து விழவில்லை. பிள்ளைகள் என்னைக் குறைவாகப் பார்க்கவும் இல்லை. வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறந்து பார்த்தால், அந்த மகன் கேட்டது லொரென்ற்ஸ் கேட்ட கேள்வியேதான்! நானே நோன்பில் வாசித்த கதை, வகுப்பில் நிற்கும்போது மூளைக்கு வரவில்லை. அடுத்த நாள் சொன்னேன்: இல்லை மகன், பம்பரம் மாதிரிச் சுற்றவில்லை. அப்படிச் சுற்றினால் ஒளியையும் தோற்கடிக்க வேண்டும். சுழற்சி என்பது அன்றைக்கு வைத்த பெயர், அது நிலைத்துவிட்டது. திணிவு போல, ஏற்றம் போல, அது இலத்திரன் பிறவியிலேயே கொண்டுவரும் ஒரு குணம். 1928இல் டிராக் என்பவர் எழுதிய சமன்பாட்டில் அது தானாகவே வந்து விழுந்தது. இந்தக் கேள்வியை உங்களுக்கு முந்தி நெதர்லாந்தில் ஒரு பெரியவர் கேட்டிருக்கிறார், அவரும் நோபல் பரிசு எடுத்தவர்.

அந்த மகனின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அன்றைக்குத்தான் எனக்குத் துணிவு வந்தது. கிளினிக்கில் வாங்கிய இலக்கம் ஒரு வருடமாக என் போனில் கிடந்தது. எடுத்து வொய்ஸ் மெசேஜ் ஒன்று அனுப்பினேன். 6 நிமிடம். முதலில் மன்னிப்புக் கேட்டேன். "மகள், அண்டைக்கு நீங்க கேட்ட கேள்வி சரியான கேள்வி. பதில் தெரியாம இருந்தது எனக்கு. உங்களுக்கு விளங்காம இல்ல." பிறகு எஸ், பி, டி, 19ஆவது ஆள், தாழ்வான இடம் எல்லாம் சொன்னேன்.

நீல நிறத்தில் இரண்டு சரி விழுந்தது. பதில் இல்லை. மஃரிப் போனது, இஷா போனது. தேவையில்லாத வேலை பார்த்துவிட்டேனோ என்று யோசித்தேன்.

இரவு 10 மணிக்குப் பிறகு வந்தது. பிள்ளையை உறங்க வைத்துவிட்டு எழுதியிருக்க வேண்டும். நன்றி இல்லை, பரவாயில்லை டீச்சர் இல்லை, ஒரே ஒரு வரி:

"அப்ப மூணாவதுல மிச்சமா இரிந்த அந்த 10 இடமும் எப்ப டீச்சர் நிரம்பும்?"

நான் அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. 10 வருடத்துக்குப் பிறகும் அந்த மூளை சரியான அடுத்த கேள்வியைக் கேட்கிறது.

பதில் எழுதினேன். 20ஆவது கல்சியத்தோடு நான்காம் மட்டத்து எஸ் நிரம்பிவிடும். 21ஆவது ஸ்கண்டியத்திலிருந்து அந்த வெறும் இடங்கள் நிரம்பத் தொடங்கும். 21 முதல் 30 வரை சரியாக 10 மூலகங்கள். ஆவர்த்தன அட்டவணையின் நடுவில் தொடங்கும் அந்த நீளப் பகுதியே அதுதான். உங்கள் குசினிக் கத்தியின் இரும்பு 26. சுவருக்குள் ஓடும் வயரின் செப்பு 29. கூரைத் தகரத்தில் பூசிய நாகம் 30. நீங்கள் அன்றைக்குக் கேட்ட அந்த 10 இடமும் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது மகள்.

இரண்டு இடத்தில் ஒழுங்கு பிசகும் என்றும் எழுதினேன். குரோமியமும் செப்பும் எஸ்ஸிலிருந்து ஒன்றை எடுத்து டியில் போட்டுக்கொள்ளும். அத்தோடு ஸ்கண்டியம் முதல் இவை இலத்திரனை இழக்கும்போது எஸ்ஸில் உள்ளதுதான் முதலில் போகும். ஏன் என்று அவ கேட்பா. கேட்கட்டும். இப்போது அதற்கும் படித்துக்கொண்டிருக்கிறேன்.

பெற்றோர்களுக்கு ஒன்று. பிள்ளை "எனக்கு இந்தப் பாடம் சரிவராது" என்று சொன்னால், எந்த நாளில் இருந்து என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரு நாள் இருக்கும். அந்த நாளில் எங்களைப் போல யாராவது ஒருவர் நின்றிருப்பார்.

என் சக ஆசிரியர்களுக்கு ஒன்று. எங்களுக்கு எல்லாம் தெரிய வேண்டும் என்று பிள்ளைகள் எதிர்பார்ப்பதில்லை. நாங்கள்தான் அப்படி நினைத்துக்கொண்டு பயப்படுகிறோம். போர்ட் மூலையில் ஒரு சின்னப் பெட்டி கீறி வையுங்கள். தெரியாத கேள்வியை அதற்குள் எழுதுங்கள். நாளைக்கு வந்து சொல்லுங்கள். என் வகுப்பில் இப்போது அந்தப் பெட்டிக்குள் மூன்று கேள்வி இருக்கிறது. ஒன்றுக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. அழிக்க வேண்டாம் என்று துப்புரவு செய்யும் பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

யன்னல் பக்கத்து மகளின் அனுமதியோடுதான் இதை எழுதினேன். பெயர் போட வேண்டாம் என்றா. போடவில்லை. தன் பிள்ளை கதைக்கத் தொடங்கியதும் என்னிடம்தான் கேள்வியோடு அனுப்புவாவாம்.

அனுப்புங்க மகள். இன்ஷா அல்லாஹ், படித்துக்கொண்டு இருக்கிறேன்.